ஆள் இல்லாத துண்டுகள்

நான் பதில் சொன்னதும் மேடம் "ம்"னு சொன்னாங்க. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, வெறும் "ம்". அதுக்கப்புறம் மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ"ன்னாங்க. வந்துட்டோம். கதவு சாத்தியாச்சு. பி.எச்டி. வாய்மொழித் தேர்வுன்னா இப்படித்தான், எனக்குத் தெரியாததா, எத்தனை பேருக்குப் பின்வரிசையில உக்காந்து நானே கை தட்டியிருக்கேன். நாம பேசணும், அவங்க கேக்கணும், அப்புறம் நம்மள வெளியில நிப்பாட்டிட்டு உள்ள கையெழுத்துப் போடுவாங்க. கதவு திறக்கும். "முனைவர் செண்பகவல்லி"ன்னு மொதத் தடவையா வாய் நெறையச் சொல்லுவாங்க. கைதட்டு, பொன்னாடை, டிபன். இந்தக் கதவுக்கு வெளியில நின்னு தோத்தவங்கன்னு ஒருத்தரையும் நான் பாத்ததில்ல. தோக்குத சடங்கா இருந்தா யாராவது முந்தியே டிபனுக்குச் சொல்லுவாங்களா? இந்தா, வராந்தா ஓரத்துல பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கு, கேசரி, இட்லி, வடை. வடை வாசம் இங்க வரைக்கும் வருது. அந்த "ம்"முக்கு என்னம்மா அர்த்தம்? ஹைமவதி மேடம் பாலக்காட்டுலேர்ந்து வெளித்தேர்வாளரா வந்திருக்காங்க, இந்தத் துறையில அவங்க எழுதினதைப் படிச்சுத்தான் நான் ஆளானேன், அவங்க ஒரு "ம்" போட்டா அதுக்குள்ள ஏதாவது இருக்கும். இல்ல, ஒண்ணும் இருக்காது. வயசானவங்க, களைச்சிருப்பாங்க, வெந்நீர் குடிக்க நேரமாச்சேன்னு நெனச்சிருப்பாங்க. பேசாம நில்லு.

கேட்டது சின்னக் கேள்விதான். "ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப முன்னாடி கொண்டுவந்துண்டே இருந்தா என்ன ஆகும்?" என் ஆராய்ச்சி முன்னுரிமை வரிசை. கம்ப்யூட்டருக்குள்ள ஆயிரம் வேலை காத்துக்கிட்டு நிக்கும், வந்த வரிசையில விடுததில்ல, எது ரொம்ப அவசரமோ அது மொதல்ல வெளிய வரணும், பெரியாஸ்பத்திரி வாசல்ல மூச்சு வாங்குதவனை முன்னால தூக்கிட்டுப் போற மாதிரி. அந்த அவசரக்காரனைக் கண்டுபிடிச்சு எடுக்க எத்தனை படி ஆகும், அதைக் கொறைக்க முடியுமா, அவ்வளவுதான் எங்க பொழப்பு. சிக்கல் எங்கன்னா, சும்மா உக்காந்திருக்க ஆளுக்குத் திடீர்னு அவசரம் கூடிரும். அவனை எழுப்பி முன்னால கொண்டுபோனா, அவனை ஒட்டி உக்காந்திருக்கவங்களையெல்லாம் மாத்தி உக்கார வைக்கணும், அதுக்கே நேரம் ஓடிரும். நான் யாரையும் மாத்தல. அவன் இடத்தை அப்படியே காலியா விட்டுட்டு அவனை மட்டும் முன்னால உக்கார வச்சேன். ஆய்வேட்டுல அதுக்கு வெற்றிடம்னு பேரு. என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் மஸ்கட்லேர்ந்து போன்ல கேட்டுட்டு ஒரே சிரிப்பு, "ஏட்டி, இது நம்ம கோயில்பட்டி பஸ்ஸுல சன்னல் வழியாத் துண்டு போடுததுல்லா! ஆளு முன்னால போயிட்டான், துண்டு மட்டும் பின்னால கெடக்கு." அன்னையிலேர்ந்து எனக்கு வெற்றிடம்னு வாயில வரதில்ல, துண்டுதான். பஸ்ஸுல ஆயிரம் ஆள் இருந்தா பத்து படியில இறக்கிருவேன், பத்து லட்சம் பேருன்னாலும் இருபது படிதான், இதான் என் தேற்றம், இதுக்குத்தான் இந்தக் கேசரி. சரி, ஒரே ஆளைத் திரும்பத் திரும்பன்னா துண்டு சேர்ந்துக்கிட்டே போகுமே, அதைத்தான் மேடம் கேட்டாங்க. நான் யோசிக்கக்கூட இல்ல, ஒப்பிச்சேன். "ஆளை இறக்கும்போது தானாவே உதிர்ந்துரும் மேடம்." ம். அந்த ம்.

உதிருமா? உதிரும். மேல கெடக்க துண்டு உதிரும். ஆளை இறக்கும்போது அவன் இடம் கலையும், அங்க கெடக்க துண்டெல்லாம் போயிரும், அதைப் படம் போட்டே காட்டியிருக்கேன். நடுவுல கெடக்கது? இறங்காம உக்காந்திருக்கானே ஒருத்தன், அவனுக்கு அடியில கெடக்க துண்டு? அவன் இறங்குத வரைக்கும் அங்கதான் கெடக்கும். கெடந்துட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம், அதான் நிரூபணத்துல எல்லாத்தையும் எண்ணியாச்சுல்லா. நாலாவது துணைத்தேற்றம். வரிசையை மரம் மாதிரிதான் அடுக்கியிருக்கேன், அதுல ஒரு கிளையில இத்தனை படி இருந்தா அதுக்குக் கீழ இத்தனை இருக்கையாவது இருந்தே ஆகணும், அதனால படி ரொம்ப ஏறாது. இருக்கை. இருக்கைன்னா ஆளும் உண்டு, துண்டும் உண்டு. ரெண்டையும் சேத்துத்தான் எண்ணுனேன். அடுத்த வரியில, ஆக மொத்தம்னு போட்டு, ஆட்களோட எண்ணிக்கைன்னு... எம்மா. அடுத்த வரியில ஆளுன்னு எழுதியிருக்கேன். இருக்கையை எண்ணிட்டு ஆளுன்னு எழுதியிருக்கேன். இரு, இரு, பதறாத. துண்டு எப்பவும் ஆளைவிடக் கொறச்சலா இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகாது. கொறச்சலாத்தான் இருக்குமா? ஒருத்தனை முன்னால கொண்டுவா, ஒரு துண்டு. நடுவுல ஒரு ஆளை இறக்கு, புதுசா ஒருத்தனை ஏத்து, பழையவனை மறுபடியும் முன்னால கொண்டுவா, இன்னொரு துண்டு. நிறுத்துததுக்கு ஒண்ணுமே இல்லையே. ஆயிரம் ஆளு, நூறு கோடித் துண்டு. பத்து படின்னு நான் சத்தியம் பண்ணின இடத்துல முப்பது வரைக்கும் போகலாம். என் நிரூபணம் அதைத் தடுக்கல. கண்டக்டர் துண்டுக்கெல்லாம் டிக்கெட்டுக் கிழிச்சிருக்கான், அந்தக் கண்டக்டர் நான்தான்.

சேலைத் தலைப்பைச் சுருட்டி வச்சிருக்கேன், எப்போ சுருட்டுனேன்னு தெரியல. எங்கயாவது தப்பா யோசிக்கேனோ? மொதல்லேர்ந்து பாப்போம். இருக்கையை எண்ணுனேன். ஆமா. ஆளுன்னு எழுதுனேன். ஆமா. எத்தனை தடவை படிச்சிருப்பேன் அந்தப் பக்கத்தை, கண்ணை மூடுனா எந்த வரி எங்க இருக்குன்னு தெரியும், தெரிஞ்சதுனாலதான் பாக்கவே இல்ல. பசங்க பரிச்சைத் தாள்ல இந்த மாதிரி எழுதினா நான் விடுவேனா? சிவப்பு மையில சுழிச்சு, "என்னத்த எண்ணுன, என்னத்த எழுதுன?"ன்னு மானத்தை வாங்கிருவேன்ல்லா. உள்ளேர்ந்து நாற்காலி நகருத சத்தம் கேக்கு. எந்திரிச்சுட்டாங்களா? கையெழுத்துப் போட்டுட்டாங்களா? போட்டுட்டா நல்லதுதானே. போட்டுட்டா முடிஞ்சுது, இனிமே நான் என்ன செய்ய முடியும், இல்லையா? அடச்சீ, என்ன புத்தி இது. மடக்கைக் கணக்குதானே, ஆயிரம் மடங்கு கூடுனாலும் பத்து படிதான் ஏறும், முப்பதுக்கும் பத்துக்கும் மெஷினுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கண்ணிமைக்குத நேரம்கூட இல்ல. யாரும் சாகப் போறதில்ல. நூறு கோடித் தடவை எவன் ஒரே ஆளை முன்னால கொண்டுவரப் போறான்? யாரும் கொண்டுவரமாட்டான். ஆனா நான் "பெரும்பாலும்"னு எழுதலையே. "எப்போதும்"னு எழுதியிருக்கேன்.

இசக்கி வராரு. படியேறி, ரெண்டு கையிலயும் காப்பி டம்ளர், சட்டைக் காலர்ல வேர்வை. பொன்னாடைப் பையை அக்குள்ல இடுக்கியிருக்காரு, கீழ வச்சா மடிப்புக் கலைஞ்சிருமாம். "இன்னும் திறக்கலையா? இந்தா, குடி." வேண்டாம்னேன். "காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, மயங்கி விழுந்து வைக்காத. பொன்னாடை போத்துத நேரத்துல நான் உன்னையத் தூக்கிட்டு ஓட முடியாது." சிரிக்காரு. எனக்கு அவர் மூஞ்சியைப் பாக்க முடியல. கல்லூரியில போன மாசமே சொல்லியாச்சு, இந்த வருஷத்துக்குள்ள முனைவர் பட்டம் வந்தா வேலை நிரந்தரம், இல்லைன்னா ஜூன்ல புது ஆளு. நிரந்தரம் ஆயிட்டா, லீவுல வந்திருக்க இவரு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போக வேண்டாம், ஒரு சம்பளத்துல ஓட்டிரலாம், இங்கயே ஏதாவது பாத்துக்கிடலாம்னு பேசி வச்சிருக்கோம். டிக்கெட் ஞாயித்துக்கிழமைக்கு. பெட்டி இன்னும் பரணை மேலதான் இருக்கு, இறக்கவே இல்ல, மக பூரணி இறக்க விடமாட்டேங்கா, "அப்பா பெட்டியத் தொட்டா நான் ஸ்கூலுக்குப் போமாட்டேன்"னு. ஒவ்வொரு லீவுலயும் "அடுத்த வருஷம் வந்துருவேன்"னு சொல்லிட்டுப் போவாரு, ஒவ்வொண்ணும் ஒரு துண்டு, வீடு பூரா அவர் போட்டுட்டுப் போன துண்டாத்தான் கெடக்கு, ஆளைக் காணோம். இன்னைக்கு ஆளு வந்து நிக்கு, கையில காப்பியோட. "செல்லுல எடுத்து வச்சிட்டேன்"ங்காரு. "என்னது?" "டிக்கெட்டு. கேன்சல்னு ஒரு பட்டன் இருக்கு. அவங்க உன் பேருக்கு முன்னால முனைவர்னு சொல்லுவாங்கல்லா, அப்போ அமுக்கணும். முந்தி அமுக்குனா கண்ணேறு பட்டுரும்." பின்ன என் நெத்தியைப் பாத்துட்டு, "என்ன, ஒரு மாதிரி இருக்க?"ன்னாரு. சொல்லிருவோமா? வாய் வரைக்கும் வந்துட்டு. "ஒண்ணுமில்ல, வேக்காடு"ன்னேன். "அந்த அம்மா தலையாட்டுனதை நான் பாத்தேன், அதெல்லாம் நல்லா முடிஞ்சிருக்கும், நீ சும்மா கெட"ன்னுட்டு, டிபன் பெட்டி வெயில்ல கெடக்குன்னு நகத்தப் போயிட்டாரு.

கதவு திறக்குது. ஞானதிரவியம் சார் மட்டும் வராரு, என் நெறியாளர், கதவைப் பின்னால இழுத்துச் சாத்திட்டு. மூஞ்சியெல்லாம் பல்லு. இந்த மாசத்தோட ஓய்வு பெறுதாரு, அவருக்கு நான்தான் கடைசி மாணவி, நேத்து ராத்திரி எனக்கே போன் பண்ணி என்ன கலர்ச் சட்டை போடட்டும்னு கேட்டாரு. "முடிஞ்சுதும்மா. அறிக்கை எழுதுதாங்க, கையெழுத்துதான் பாக்கி. பொன்னாடை எங்க?" சார்னேன். "சார், அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு சார்." எந்தக் கேள்வின்னாரு. துண்டு சேருததுன்னேன். இருக்கையை எண்ணிட்டு ஆளுன்னு எழுதிட்டோம் சார், நாலாவது துணைத்தேற்றம், கடைசி வரி. அவரு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. வராந்தாத் தூண்ல கை ஊணி நின்னாரு, உதடு மட்டும் அசையுது, பழைய வாத்தியாருல்லா, மனசுக்குள்ள கரும்பலகையில எழுதிப் பாக்காரு. தப்புன்னு சொல்லுங்க, கிறுக்கி, நீ கொழம்பியிருக்கன்னு சொல்லுங்க சார். "ஆமா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையில என் கடைசி நம்பிக்கையும் போச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இங்க பாரும்மா. இது சரிபண்ணக் கூடியதாத்தான் இருக்கும். பத்திரிகையில போடும்போது திருத்திக்கிடலாம், எல்லாரும் பண்ணுததுதான். உள்ள வா, கும்பிடு போடு, நன்றி சொல்லு, வாயைத் தொறக்காத." "சார்..." "நான் போயிட்டா உனக்கு வேற நெறியாளர் பாக்கணும், அதுக்கு ஒரு குழு கூடணும், எவன் கூட்டுவான்? உன் வேலை? உன் வீட்டுக்காரர் அங்க நின்னு டிபன் பெட்டி எண்ணிக்கிட்டு இருக்காரு, பாத்தியா? உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." அவரு கண்ணு கலங்கியிருக்கு. அவரு கெட்டவரு இல்ல. கெட்டவரா இருந்தா எனக்கு எவ்வளவு சுளுவா இருக்கும்.

உள்ள போயிட்டாரு. சொன்னது அத்தனையும் நெசம், ஒரு வார்த்தை பொய்யில்ல. வாயைத் தொறக்காத. சுளுவான வேலை, ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா நின்னாப் போதும், பொன்னாடை வந்து தோள்ல விழும். இசக்கி அந்தப் பட்டனை அமுக்குவாரு. ராத்திரி பூரணிகிட்டச் சொல்லுவோம், அவ குதிப்பா, பெட்டி பரணையிலயே கெடக்கும், அதுல இனிமே பழைய துணி போட்டு வைக்கலாம். அவரு காலைல எந்திரிச்சு பல்லு தேய்க்குத சத்தம் எனக்குக் கேக்கும், தினமும், லீவுக்கு மட்டுமில்ல. தினமும். அப்போ எனக்கு அந்த வரி ஞாபகம் வருமா? வரும். எனக்கு என்னைத் தெரியும். அவரு சாப்பிட உக்காருவாரு, நான் தோசை போடுவேன், இருக்கையை எண்ணுனேன் ஆளுன்னு எழுதுனேன். அவரு எனக்காகத் திரும்பி வந்தாரு, இல்ல, அந்த வரிக்காக வந்தாரு. சனியன், மனசே, கொஞ்சம் சும்மா இரேன். எத்தனை பேரு எவ்வளவு பெரிய ஓட்டையெல்லாம் அடைச்சுட்டு நிம்மதியாத் தூங்குதாங்க, உனக்கு மட்டும் என்ன கேடு? மேடம் "ம்"னு சொன்னது இதைத்தானா? தெரிஞ்சுக்கிட்டே கையெழுத்துப் போடுதாங்களா? தெரியாமப் போடுதாங்களா? தெரியாமன்னா நான் அவங்களை ஏமாத்துதேன். தெரிஞ்சேதான்னா... அதைவிட அசிங்கம். கீழ வேப்பமரத்தடியில நின்னவங்கல்லாம் மேல வராங்க, யாரோ கூப்பிட்டிருப்பாங்க, என் துறைக்காரங்க, ரெண்டு மூணு ஆய்வு மாணவிங்க, எல்லாரும் என்னையப் பாத்து இளிச்சுக்கிட்டே உள்ள போறாங்க, ஒருத்தி கையைப் பிடிச்சு அமுக்கிட்டுப் போறா. நான் உள்ள போறேன். இன்னும் முடிவு பண்ணல. சத்தியமா முடிவு பண்ணல. கால் போகுது, போறேன்.

ஹைமவதி மேடம் எந்திரிச்சு நிக்காங்க, ஒரு கையில அறிக்கை, ஒரு கையில தொறந்த பேனா. கையெழுத்து இன்னும் போடல, சபையில வாசிச்சுட்டுப் போடுதது அவங்க வழக்கமாம். "விண்ணப்பதாரர் எல்லாக் கேள்விகளுக்கும் திருப்திகரமாக..." எல்லாக் கேள்விகளுக்கும். கரும்பலகையில நான் வரைஞ்ச மரம் அப்படியே இருக்கு, காலியிடத்துக்கெல்லாம் சின்னச் சின்ன வட்டம், அழகா இருக்குன்னு வேற நெனச்சேன். பின்வரிசையில இசக்கி, செல்லைக் கையில பிடிச்சுக்கிட்டு, கட்டைவிரல் தயாரா. அந்த விரலைப் பாத்தேன். என்னை அறியாம "மேடம்"னேன். சத்தம் பெருசா வந்துட்டு. ஞானதிரவியம் சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் பலகைக்கிட்டப் போயி சாக்பீஸை எடுத்தேன். பின்னால கைதட்டு. நன்றியுரைன்னு நெனச்சுட்டாங்க போல, எல்லாரும் தட்டுதாங்க, இசக்கிதான் ஆரம்பிச்சிருப்பாரு, செல்லை மடியில வச்சுட்டு ரெண்டு கையாலயும். தட்டத் தட்ட நான் எழுதுதேன். ஆளு ஆயிரம். துண்டு நூறு கோடி. அதுக்கு அடியில, நான் நிரூபிச்சது இது, எழுதினது இதுன்னு ரெண்டு வரி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு அடிச்சேன். கைதட்டு ஒவ்வொண்ணா நின்னுச்சு. "உங்க கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு மேடம். துண்டு தானா உதிராது. தேற்றம் இப்போ எழுதியிருக்க மாதிரி நிக்காது." எப்படிச் சரிபண்ணணும்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியல மேடம்னேன். எப்போ தோணித்துன்னு கேட்டாங்க. "வெளியில நிக்கும்போது." பலகையைப் பாத்துட்டு, "எனக்கும் அந்த எடத்துல உறுத்தித்து, என்னன்னு பிடிபடலை. அதான் 'ம்'னேன்"ன்னாங்க. அப்புறம் பேனாவுக்கு மூடி போட்டாங்க. "இன்னிக்குக் கையெழுத்துப் போட முடியாதே, அம்மா. சரிபண்ணிண்டு வாங்கோ. நான் திரும்பி வரேன், நீங்க கூப்பிட்டா கட்டாயம் வரேன்."

சார் சன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருக்காரு, புதுச் சட்டை, நீலம். என் கையெல்லாம் சாக்பீஸ் பொடி, எங்க தொடைக்கன்னு தெரியாம அப்படியே நிக்கேன். பின்வரிசையைப் பாக்கவே கூடாதுன்னு இருந்தேன், பாத்துட்டேன். இசக்கி செல்லைத் திருப்பி ஒரு தடவை பாத்தாரு, கேன்சல் பட்டனை அமுக்காமலே அணைச்சாரு, சட்டைப் பையில போட்டாரு. எந்திரிச்சு வெளிய போறாரு. போறாரே. நான் கூப்பிடல, எந்த வாயை வச்சுக் கூப்பிட. வராந்தாவுல அட்டைப்பெட்டி கிழியுத சத்தம் கேட்டுது. டிபன் பொட்டலங்களை நெஞ்சோட அடுக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தாரு, "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ஆறிப்போச்சுன்னா வடை நல்லாருக்காது"ன்னு, குரல் கொஞ்சம் பிசிறு தட்டுச்சு, அவ்வளவுதான். வழக்கம்னு ஒண்ணு இருக்கு, வெளித்தேர்வாளருக்கு மொதல்ல, அப்புறம் துறைத் தலைவர், நெறியாளர், கடைசியா மாணவி. இவரு மேடத்தைத் தாண்டி, சாரைத் தாண்டி, நேரா பலகைக்கிட்ட வந்து என் கையில ஒரு பொட்டலத்தை வச்சாரு. "என்னங்க, மேடம் நிக்காங்க, அவங்களுக்குக் குடுங்க மொதல்ல"ன்னேன். "குடுப்போம்"ன்னாரு. "ஞாயித்துக்கெழம வரைக்கும் நீதான் மொதல்ல."